ஐந்தாம் நாள், பிடிக்கல

இன்று காலை செல் வளர்க்கும் கல்ச்சர் அறைக்குள் நுழையும் முன் கையில் ஸ்பிரிட் அடித்துக்கொண்டு நின்றேன். நடைவழி ஜன்னலை யாரோ திறந்து வைத்திருந்தார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சம்பா நடவுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. சத்தம் வரவில்லை, மணம் மட்டும் வந்தது. ஸ்பிரிட்டும் சேறும் கலந்த அந்த மணத்தை வேறு யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் திண்டாடிப்போவேன். உனக்கு விளக்க வேண்டியதில்லை. நடவுக் காலத்துத் திங்கட்கிழமைகளில் நீ அப்படித்தான் மணப்பாய்.

சனி, ஞாயிறு ஊருக்குப் போய் அம்மாவோடு வயலில் இறங்கிவிட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்குவாய். நகக்கண்ணில் சேறு இருக்கும். அதன் மேலேயே ஸ்பிரிட்டை அடித்துத் தேய்ப்பாய். "இத விடச் சுத்தமான கை இந்த யுனிவர்சிட்டியிலயே கெடையாதுடி" என்பாய். நான் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். வேண்டுமென்றே என் கன்னத்தில் கையை வைத்துவிட்டு உள்ளே போவாய்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. கல்லூரிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று உன் தம்பி போனில் சொன்னான். வந்தேன். உன் கால்மாட்டில் நின்றேன். உன்னிடம் படித்த பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து கதறினார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திச் சொல்ல இருபது வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தும் சொல்லவில்லை. இனி யாரிடம் சொல்வது என்பதுதான் அங்கே நின்ற நேரம் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அதைச் சொல்லத்தான் இந்த மடல். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் சாரிடம் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்த வருடம் எனக்கு ஒரு பைப்பெட்டை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. நான் தஞ்சாவூர் டவுன் பெண். எங்கள் வீட்டுக்கு நிலம் உண்டு, குத்தகைக்கு விட்டிருந்தோம். அறுப்பு முடிந்தால் மூட்டை வாசலில் வந்து இறங்கும். அதற்கு முன்னால் நெல்லுக்கு என்ன நடக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. "நாங்க நடறோம், உங்க வீட்டுக்கு மூட்டை வருது. அந்த மூட்டையத் தின்னுட்டு வந்து இந்தக் குழாயப் புடிக்கத் தெரியாம நிக்குறியேடி" என்று முதல் வாரத்திலேயே கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. பிறகு சிரித்துவிட்டேன். அப்படிப் பேசுகிறவள் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பதுதான் நமக்குக் கொடுத்த வேலை. தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு அவை பரவும். நெருக்கமாகிவிட்டால் ட்ரிப்சின் என்ற கரைசலை ஊற்றிக் கழற்றி, கலைத்து, வேறு தட்டுகளில் பிரித்துவிட வேண்டும். சார் மூன்று நாள் நின்று விளக்கியதை நீ ஒரே வரியில் முடித்தாய். "நாத்து பறிச்சு நடவு நடறதுதானே சார்." சார் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார். அன்றிலிருந்து நமக்குள் ட்ரிப்சின் நாற்றுப்பறி ஆனது, புதுத் தட்டில் விடுவது நடவு ஆனது. மறுநாள் செல்கள் ஒட்டிக்கொண்டு கால் பரப்பியிருந்தால் "பச்ச புடிச்சிருச்சு" என்று அறைக்கு வெளியே வந்து சொல்வாய். லேபில் மற்றவர்கள் நாம் யார் வீட்டு வயலைப் பற்றியோ பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் நீ இந்த உலகத்தில் இருக்கமாட்டாய். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கை மட்டும் அசையும். ஒருநாள் என்னை இழுத்து உட்காரவைத்தாய். இளஞ்சிவப்பு நீருக்கு அடியில் செல்கள் ஓரங்களை மெல்ல நீட்டி, தரையைத் தொட்டு, இழுத்து, மறுபடி நீட்டிக்கொண்டிருந்தன. உற்றுப் பார்த்தால் அசையவில்லை என்று தோன்றும். கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் இடம் மாறியிருக்கும். நீ என் காதருகே பேசிக்கொண்டே இருந்தாய். "கால் தரையில பட்டதும் உள்ள சேதி போகுதுடி. தரை இருக்கு, உசுரோட இருன்னு. தரை போச்சுன்னா சேதி நின்னுபோகும். நல்ல செல்லுன்னா தானே செத்துப்போயிரும், யாரும் கொல்ல வேணாம். ஆனா இந்தக் கேன்சர் செல்லு ரத்தத்துல மெதந்துக்கிட்டே போயி இன்னொரு எடத்துல குடியேறுதே, வழியில அதுக்கு யாரு சேதி சொல்றாங்க?"

அந்தக் கேள்வி உன்னுடையது. அன்று அந்த மங்கிய அறையில், உன் தேங்காயெண்ணெய் வாசனையோடு, அது முதல் முறையாக என் காதில் விழுந்தது. இன்று என் அறைக் கதவில் என் பெயருக்குக் கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியின் மேல் கட்டியதுதான்.

அதற்கு விடை தேட உனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாவுக்கு மார்பகக் கட்டி எடுத்தார்கள். அவர் சம்மதித்தால் அதில் சிறு துண்டு நமக்குக் கிடைக்கும். நீதான் போய்க் கேட்டாய், நானும் கூட வந்தேன். நடவு வேலைக்குப் போகிற அம்மா. உன் கையைப் பார்த்ததுமே ஏதோ புரிந்துகொண்டார். "அத வச்சு என்ன தாயி பண்ணுவ?" என்றார். வளர்த்துப் பார்ப்போம் என்றாய். "களையப் போயி வளக்குறேங்கிறியே" என்று வலியோடு சிரித்தார். கைநாட்டு வைத்தார். அவர் குணமாகி ஊர் திரும்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அந்தத் துண்டிலிருந்து நான்கு தட்டுக்குத்தான் செல்கள் தேறின. அந்த வாரம் பார்த்து உறைய வைப்பதற்கான நைட்ரஜன் வரவில்லை, அதனால் சேமிப்பில் எதுவும் கிடையாது. நான்கு தட்டுகளின் அடியிலும் எதுவும் ஒட்ட முடியாதபடி ஒரு பூச்சுப் பூசினாய். தரையே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் உனக்கு. அதற்குள் நான் காய்ச்சலில் வீட்டில் படுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் மாலை நீ மூடியில் எழுதிவிட்டு, தங்கை வளைகாப்புக்கு ஊருக்குப் போய்விட்டாய்.

ஆறாம் நாள் காலை நான் லேபுக்கு வந்தேன். அன்று ஏதோ குழு பார்வையிட வருகிறது என்று ஒரே அமளி. ஆளுக்கொரு பக்கம் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு சார் வாசலுக்குப் போய்விட்டார். செல்களை வெதுவெதுப்பில் வைக்கும் இன்குபேட்டரைத் திறந்தேன். கீழ் அடுக்கில் உன் நான்கு தட்டுகள். மூடியில் உன் கையெழுத்து. "ஐந்தாம் நாள், பிடிக்கல." ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். குப்பை குப்பையாக ஏதோ மிதந்தது. மிதந்தால் செத்தது என்றுதான் நாம் படித்த எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. பிளீச்சிங்கை ஊற்றினேன். கொட்டினேன். கழிவுப் பையைக் கட்டி அனுப்பினேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிட வேலை.

எங்கள் வீட்டில் 'பிடிக்கல' என்று ஒருவர் சொன்னால் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிடுவார்கள். கத்திரிக்காய் பிடிக்கல, கீரை பிடிக்கல என்று அந்தச் சொல்லோடு வளர்ந்தவள் நான். உங்கள் ஊரில் அது வேறு சொல். நட்ட பயிர் ஐந்தாம் நாள் மஞ்சளித்து நிற்கும். வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் பச்ச புடிக்கல" என்பார்கள். தண்ணீரைக் கட்டிக் காத்திரு என்று அதற்குப் பொருள். செத்துவிட்டால் "அழுவிப்போச்சு" என்பார்கள். இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீ எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாய். தினமும் உன்னோடு நாற்று, நடவு என்று வாய் கிழியப் பேசினவள்தானே நான்.

மதியத்துக்கு மேல் வந்தாய். கையில் வளைகாப்புக் கலவைச் சாதம், எனக்காகக் கட்டிக்கொண்டு வந்தது. பையை மேசையில் வைத்துவிட்டு நேரே உள்ளே போனாய். வெளியே வந்து, "தட்டு எங்கடி?" என்றாய்.

"எந்தத் தட்டு?"

"என் தட்டுதாண்டி. நாலும். கீழ வச்சிருந்தேனே."

"தெரியலையே. நான் வந்தப்பவே காலியாத்தான் இருந்துச்சு."

உன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று என்னைப் பயமுறுத்திவிட்டது. நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கோ சொல்வதைப்போல மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாய். முதல் மூன்று நாள் தனித்தனியாக மிதந்தனவாம். நான்காம் நாள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டனவாம். "முடி முடியாக் கெடந்துச்சுடி. நாத்தப் பறிச்சுக் கையளவு சேத்துக் கட்டி வாய்க்கால்ல போட்டு வச்சா மெதக்கும் பாரு, அந்த மாரி. ரெண்டு நாள் கெடந்தாலும் சாவாது. தனி நாத்தா விட்டா செத்துப்போவும்." சாயம் விட்டுப் பார்த்தாயாம். செத்த செல்லுக்குள்தான் சாயம் ஏறும். உன்னுடையதில் ஏறவில்லை. "தரை இல்லன்னா என்ன, ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிட்டு அதுங்களே சேதி சொல்லிக்குது. அதாண்டி பதில். இன்னிக்கு முடிய அவுத்துப் பாத்திருப்பேன். தனித்தனியாப் பிரிச்சா சாவுதான்னு பாத்திருப்பேன்."

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். 'நான்தான்டி கொட்டினேன்' என்பது எத்தனை சின்ன வாக்கியம். கலவைச் சாதத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாய். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் நீ சார் அறைக்குள் போய் வெகுநேரம் இருந்தாய். நான் வெளியே கழுவிய குழாய்களையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். வந்து, "வேற கேள்வி எடுத்துக்கச் சொல்லிட்டாரு" என்றாய். மைக்ராஸ்கோப் கேமரா ரிப்பேரில் இருந்ததால் படம் எதுவும் இல்லை. உன் நோட்டில் பென்சிலால் வரைந்தது மட்டும்தான். ஆதாரம் இல்லை என்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ கல்ச்சர் அறைக்குள் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்த ஏசிக் குளிரு ஒத்துக்கலடி, சளி புடிக்குது" என்றாய். மார்கழிப் பனியில் வயலில் இறங்குகிறவளுக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியின் பழைய ஸ்லைடுகளைச் சாயமேற்றிப் பார்க்கும் வேலையில் பட்டம் வாங்கினாய். அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்தது. ஒரு வகுப்பில் அறுபது பெண்கள், அவர்களுக்கு நடுவில் லென்ஸ் சரியாக இருக்கும் மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று. நான் இங்கேயே தங்கினேன், லேபும் என்னிடம் வந்தது. உன் கேள்வியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று போனில் கேட்டபோது, "என்னைக் கேக்கிறியே, லூசு. நீ பாக்கலன்னா வேற யாரு பாப்பா?" என்றாய். பார்த்தேன். கடையில் வாங்கும் செல்கள் வருடக்கணக்காகப் பிளாஸ்டிக்கில் வாழ்ந்து பழகியவை. நீ பார்த்ததை அவை எனக்குக் காட்டவே இல்லை. சில நாட்களில் உனக்குத்தான் பிரமையோ என்றுகூட நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்தால் என் குற்றம் கொஞ்சம் சிறிதாகும், அதனால்.

ஒரு தடவை சொல்லிவிடுவது என்று கிளம்பியே வந்தேன். நீ உன் மாணவிகளைக் கோடியக்கரைக்குப் பறவை பார்க்க அழைத்துப்போகிறாய் என்று சொன்னதும் நானும் வருகிறேன் என்றேன். உனக்கு ஆச்சரியம், எனக்குக் காக்கையையும் குயிலையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உப்பளம் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் ஒரே பால் நிறம். அந்த வெள்ளைக்குள் பூநாரைகள் நின்றுகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தக் கூட்டம் மொத்தமும் ஓர் ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து, தண்ணீரை விட்டுப் பிரிந்து, மறுபடி தண்ணீரிலேயே இறங்கியது. நாம் எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்கு நினைவில்லை. செருப்புக்குள் தண்ணீர் ஏறியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. ரொம்ப நாளாச்சு" என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இரு. பறந்துரும்" என்றாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சில்லென்று இருந்தது. பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் உன் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி எனக்கு. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இனி இந்த மாதம் நடந்தது.

மலர் என்று ஒரு ஆராய்ச்சி மாணவி என்னிடம் இருக்கிறாள். ரொம்பச் சூட்டிகை. எதிர்த்துப் பேசுவாள், உனக்குப் பிடித்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக ஒரு சாம்பிள் வந்தது. ஒட்டவிடாத தட்டில் விட்டிருந்தாள். ஐந்தாம் நாள் என் அறைக்கு ஓடி வந்தாள். "மேடம், எல்லாம் மெதக்குது. ஆனா சாயம் ஏறல மேடம்." போய்க் கண்ணை வைத்தேன்.

நீ சொன்னதைப்போலவே கிடந்தன. இளஞ்சிவப்பு நீரில், அடி இல்லாத ஓர் ஆழத்தில், பத்துப் பத்தாக, இருபது இருபதாக ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. விளிம்பில் இருந்த ஒன்று நழுவப் பார்த்தது. பக்கத்தில் இருந்தது விடவில்லை. நோய் அது, மனிதரைக் கொல்வது அது, தெரியும். ஆனாலும் அவ்வளவு அழகாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. உன் கால்மாட்டில் வராதது மைக்ராஸ்கோப் முன்னால் வந்தது. மலர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் முடியை அவிழ்த்தோம். தனித்தனியாகப் பிரிக்கப்பட்டவை ஒரு நாளில் செத்தன. கூட்டமாகவே சாதாரணத் தட்டில் விட்டவை இரண்டு நாளில் ஒட்டிக்கொண்டு பரவின. நீ நினைத்தது அத்தனையும் சரி. "இந்த வகைக் கட்டியில இத யாருமே பார்த்ததில்ல மேடம். நாமதான் முதல்ல" என்று மலர் குதித்தாள்.

"பார்த்திருக்காங்க" என்றேன். முழுவதையும் அவளிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தட்டைக் கொட்டியது நான் என்று வாயைத் திறந்து சொன்னேன். மலர் ஸ்டூலை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தாள். "அவங்க நோட்டு இருக்கா மேடம்?" என்றாள்.

பழைய நோட்டுகளையெல்லாம் சார் ஓய்வு பெறும்போது எடுத்துக்கொண்டு போயிருந்தார். திருப்பனந்தாளில் அவர் வீடு. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். முதுகு கூனிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "வாம்மா, வா. காபி சாப்பிடறியா?" என்றார். பீரோவைத் திறந்து அவரே தேடி உன் நோட்டை எடுத்துத் தந்தார். பென்சில் கோடுகள் மங்கியிருந்தாலும் தெரிந்தன. வட்டம் வட்டமாக, பக்கத்தில் 'முடி' என்று.

காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "சார், அந்தத் தட்டுகளைக் கொட்டினது நான்தான். அவகிட்ட தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்றே? அந்தப் பொண்ணுதானே கொட்டிச்சு?"

"இல்ல சார். நான்தான்."

"அதுவே எங்கிட்ட வந்து சொல்லிச்சேம்மா. நோயாளி நம்பிக் கொடுத்தது, ஒரே சாம்பிளு. எனக்குன்னா வந்த கோபத்துக்கு, எவன் கொட்டியிருந்தாலும் அன்னிக்கே லேபை விட்டு அனுப்பிடறதுன்னு இருந்தேன். ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிக்கப்போறேன்னேன். 'யாரையும் கூப்பிட வேணாம் சார், நான்தான், கவனிக்காம கொட்டிட்டேன்'னு நின்னுச்சு. தானா வந்து ஒத்துக்கிட்டதால விட்டேன். கல்ச்சர் ரூமுக்குள்ள மட்டும் இனிமே காலை வைக்கக் கூடாதுன்னுட்டேன்."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தப்பான ஆளையில்ல தண்டிச்சிருக்கேன்" என்றார். நிமிர்ந்து, "அந்தப் பொண்ணு எங்கேம்மா இருக்கு இப்போ? போன் நம்பர் கொடு. நான் பேசறேன்" என்றார்.

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வழி நெடுக வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. எத்தனை பெரிய மனுஷித்தனம் உனக்கு! உன் கேள்வியை, உன் அறையை, உன் கைக்கு வாகான வேலையை, எல்லாவற்றையும் எனக்குக் கொடுத்துவிட்டு, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு கதை. எனக்கென்று ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லையா உன்னிடம்? நான்கு பேர் முன்னால் என்னைக் கேவலப்படுத்தியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கோடியக்கரையிலும் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று தெரிந்துதான் என் வாயை அடைத்திருக்கிறாய். பறவைகள் பறந்துவிடுமாம். அடிப்பாவி.

இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதிவிட்டோம். அதில் முதல் பெயர் உன்னுடையது. அடுத்தது மலர். உன் பெயரின் மேல், ஆசிரியர் உயிருடன் இல்லை என்பதற்கு ஒரு சின்னக் குறி போட வேண்டும் என்பது இதழின் விதி. மலர் போட்டாள், எனக்குக் கை வரவில்லை. முதல் சாம்பிள் எப்படி, யாரால் அழிந்தது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். என் பெயரோடு. அப்படியெல்லாம் எழுதும் வழக்கம் இல்லை மேடம் என்றாள் மலர். இருக்கட்டும் என்றேன். சார் போன் செய்து, அந்த அறைக்குள் வரவேண்டாம் என்று சொன்னது தான்தான் என்பதையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அது முடியாது சார் என்றேன். வெகுநேரம் போனை வைக்காமல் இருந்தார்.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய துப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது. என் முகம் ஒன்று போதும். நான் பொய் சொன்ன அந்த நொடியிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கலவைச் சாதத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளியிருக்கிறாய்.

இந்த ஒரு வாரமாக ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தட்டு எங்கே என்று ஒரு தடவை கேட்டாய். இரண்டாவது தடவை ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் நான் இரண்டாவது பொய்யும் சொல்லியிருப்பேன், அது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஏதோ காரணம் சொல்லி, உன்னை விட்டே போயிருப்பேன். நாலு தட்டு போனது போதும், இவளும் போக வேண்டாம் என்று நீ கேட்காமல் இருந்துவிட்டாய்.